பீச்சாங்கை முடிச்சு

செவ்வாய்க்கிழமை தறியில் கத்தி வைக்கக் கூடாது என்பது கலியாணசுந்தரம் வீட்டு வழக்கம். விளக்கு வைத்த பிறகும் கூடாது. பிள்ளையார்பாளையத்தில் எல்லா வீட்டிலும் இப்படிப் பார்க்கிறார்களா என்றால், இல்லை. பட்டு நூல் கொடுக்கிற முதலாளி அவசரப்படுத்தினால் எந்த நாளிலும் எந்த நேரத்திலும் நெய்த சேலையை அறுத்துக் கொடுக்கிறவர்கள் அந்தத் தெருவிலேயே உண்டு. கலியாணசுந்தரத்துக்கு அது ஒப்பாது. "பொறந்த கொழந்தைக்குக் கொடி அறுக்கிற மாதிரி அது. கண்ட நேரத்துல கத்தி எடுக்கக் கூடாது" என்பார்.

அந்தச் சேலையின் முந்தி திங்கட்கிழமை முடிந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டது. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை, கரை ஓரமாக யாளி வரிசை. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை. ஐப்பசி முழுக்க மழை. தறிக் குழியில் ஊற்றெடுத்து, கலியாணசுந்தரம் காலுக்கடியில் சாக்கைப் போட்டுக்கொண்டுதான் மிதித்தார். ஈரக் காற்றில் பட்டு பிசுபிசுத்து இழைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு ஊடிழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுத்தது அவருடைய மனைவி காவேரி. இரண்டு பேர் உடம்பும் அந்தச் சேலைக்குள் போயிருந்தது. நெய்த சேலை முழுவதும் மடியருகே இருக்கும் படமரத்தில் சுற்றிக் கிடந்தது. அதன்மேல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தினார்கள்.

அன்று சாயங்காலம் காவேரியின் தம்பி பிரேம்நாத் வந்திருந்தான். அவனும் தறியில் உட்கார்ந்தவன்தான். இப்போது ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் பைக்கில் நின்று, வெளியூரிலிருந்து வேனில் வருகிறவர்களைப் பட்டுக் கடைகளுக்கு அழைத்துப் போகிற புரோக்கர் வேலை. கையில் எப்போதும் போன். அதில் ஓயாமல் காசு கட்டி ஆடுகிற ஒரு சீட்டாட்டம் ஓடிக்கொண்டிருக்கும். பக்கோடாப் பொட்டலத்தை அக்காவிடம் கொடுத்துவிட்டு வேட்டியை விலக்கிப் பார்த்தான்.

"சூப்பரா வந்துருக்குது மாமா. அறுக்கலியா?"

"வெளக்கு வெச்சாச்சு. நாளைக்குச் செவ்வாய்."

"அப்ப புதன்கிழமையா?"

"நாளைக்கு மாகறல் போறோம்டா. எங்க அக்கா பேத்திக்குக் காது குத்தறாங்க. ராத்திரி தங்கிட்டு புதன் காத்தால வந்துதான் அறுக்கணும்."

"இன்னும் இந்த நாள் நட்சத்திரத்த எல்லாம் புடிச்சிக்கினு இருக்கீங்க."

"நீ புடிக்காம வுட்டியே, இன்னாத்தப் புடிச்ச?" என்றார் கலியாணசுந்தரம். பிரேம்நாத் சிரித்துக்கொண்டே அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனான்.

மாகறலில் காது குத்து நல்லபடியாக நடந்தது. மழைதான் விடவில்லை. புதன்கிழமை காலையில் பஸ் ஏறும்போது, நாத்தனார் ஒரு தூக்கில் புளிச்சோறும் இலையில் கட்டின வடையும் கொடுத்தாள். வடையை எல்லம்மாளுக்கென்று காவேரி தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

எல்லம்மாள் இவர்கள் தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறவள். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டு இழையைச் சுற்றுவதுதான் தார். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல; மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரத்தில் வீடு. புருஷன் போனபின் இந்த வீட்டுக்கு வரத் தொடங்கியவள், வீட்டு மனுஷி போலவே ஆகிவிட்டாள். வெளியூர் போனால் சாவி அவளிடம்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தறிக்கு முன்னால் விளக்கேற்றும்படி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

கலியாணசுந்தரம் மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் இறங்கிக்கொண்டார். சேலையை இன்று அறுக்கப் போவதை முதலாளியிடம் சொல்லிவிட்டு, பூவும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னார். காவேரி குடையை ஒரு கையிலும் தூக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு தெருத் தண்ணீரில் கால் வைத்து வந்து, தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்தாள்.

படமரம் மொட்டையாக இருந்தது.

பழைய வேட்டி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. காவேரி தூக்கைக் கீழே வைத்தாள்.  ஒரு நிமிஷம் தன் புருஷன்தான் தனக்குத் தெரியாமல் அறுத்து வைத்துவிட்டாரோ என்றுகூட நினைத்தாள். பித்துப் பிடித்த நினைப்பு. இரண்டு நாளாக அவர் கூடவேதானே இருந்தார்.

அப்புறம்தான் அறுத்த இடத்தைப் பார்த்தாள்.

தறியில் நீளவாட்டில் கிடக்கும் பாவு இழை ஒவ்வொன்றும் விழுது என்கிற நூல் வளையத்தின் கண் வழியாக வந்து, சீப்பு மாதிரியான அச்சின் பல்லுக்குள் நுழைந்துதான் நெசவுக்கு வரும். தறி தெரியாதவன் கத்தியை எங்கே வேண்டுமானாலும் போடுவான். அச்சோடு சேர்த்து இழுப்பான். விழுதுக்குப் பின்னால் வெட்டுவான். அப்படி வெட்டினால் ஆயிரக்கணக்கான இழைகளையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கோர்த்தாக வேண்டும். கண் பூத்துவிடும். இங்கே அப்படி வெட்டியிருக்கவில்லை. அச்சுக்கு முன்னால் ஒரு சாண் இழையை விட்டு, கோடு கிழித்த மாதிரி நேராக அறுத்திருந்தது. விட்ட சாண் இழையும் நழுவிப் போகாமல் கொத்துக் கொத்தாக முடி போட்டிருந்தது. ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும், ஒரு கொத்து பாக்கியில்லாமல்.

திருட வந்தவன் நின்று நிதானமாக முடி போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

காவேரி ஒரு கொத்தைக் கையில் எடுத்தாள். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடி. எல்லாரும் போடுவதுதான். ஆனால் சுருக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி.

அப்பா செத்த வருஷம் பிரேம்நாத்தை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து வேலை பழக்கியது அவள்தான். பையனுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சோறு மட்டும் அடிபட்டு மிதிபட்டு வலக்கையால் தின்னக் கற்றுக்கொண்டான், மற்றதெல்லாம் இடது. கலியாணசுந்தரம் தலையில் குட்டுவார், "கை மாத்துடா" என்று. அவர் எழுந்து போனதும் காவேரி அவன் எதிரில் உட்கார்ந்து, தன் கையைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்துப் போடச் சொல்லி, இடக்கைக்குத் தோதாக முடி போடக் கற்றுக் கொடுத்தாள். இந்தப் பாளையம் முழுக்கத் தேடினாலும் இடப்பக்கம் சுருக்கு வைக்கிற கை வேறு கிடையாது.

எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கொல்லைக் கதவு சாத்தியிருந்தது, கொண்டி போடவில்லை. வெளியிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை இடுக்கில் விட்டு நெம்பினால் அந்தக் கொண்டி எழும்பிவிடும். சினிமா பார்த்துவிட்டு நேரங்கெட்டு வருகிற நாட்களில் மாமனுக்குத் தெரியாமல் உள்ளே வர அவன் கண்டுபிடித்த வழி அது. அக்காவுக்கு மட்டும் தெரியும்.

காவேரி கொண்டியை எடுத்துப் போட்டாள். ஏன் போட்டோம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை. கை தானாகப் போட்டது.

திரும்பி வந்து தறியில் உட்கார்ந்து, கரையோரக் கொத்தின் சுருக்கைப் பிடித்து இழுத்தாள். அவிழ்ந்தது. அடுத்தது. பின்னால் இழுத்துக் கட்டியிருந்த பாவு தன் பக்கம் இழுக்க, அவிழ்ந்த இழைகள் அச்சுப் பல்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, விழுதுக்கு அந்தப் பக்கம் போய்ச் சுருண்டு விழுந்தன. தலைமயிர் கொட்டுகிற மாதிரி இருந்தது. எத்தனை நாள் வேலை வீணாகிறது என்று தெரிந்தேதான் செய்தாள். கடைசிக் கொத்தை அவிழ்த்தபோது தெருவில் கலியாணசுந்தரத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் கையில் மல்லிகைப் பந்து இருந்தது. வாசலில் நின்றவர் நின்றபடியே தறியைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, பூவைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, விழுதுக்குப் பின்னால் கிடந்த இழைகளைக் குனிந்து தொட்டார்.

"இன்னாடி இது?"

"நான் வந்தப்பவே இப்படித்தாங்க."

"சேலை?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கலியாணசுந்தரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் அவர் சேலையைப் பற்றிப் பேசவில்லை. "எப்படி அறுத்துருக்கான் பாரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "எடுத்தவன் எடுத்துக்கினு போறான், தறிய இப்படியா பண்ணுவான்? இவன் தறியில பொறந்தவன் இல்ல. கசாப்புக் கடைக்காரன்."

போன் போட்டதும் முதலாளி குமரகுரு ஸ்கூட்டரில் வந்துவிட்டார். கட்டை குட்டையான மனிதர். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வாசல் பூட்டைத் தட்டினார். கொல்லைக் கதவை ஆட்டினார். உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஓடு கலையல. பூட்டு உடையல. கொல்லையில கொண்டி போட்டது போட்டபடி இருக்குது. அப்புறம் எப்படிப்பா போச்சு? பறந்தா போச்சு?"

"அதான் எனக்கும் புரியல முதலாளி."

"நான் உன்ன நம்பறேன் சுந்தரம். உங்க அப்பா காலத்துலேந்து பாவு குடுக்கறேன். ஆனா ஊரு இன்னா சொல்லும் தெரியுமில்ல? தறிக்காரனே வித்துட்டு, திருட்டுப் போச்சுன்னு நாடகம் ஆடறான்னு சொல்லும். அப்புறம் உனக்கு எவன் பாவு குடுப்பான்? நானே குடுத்தாலும் பக்கத்துக் கடைக்காரன் என்னப் பாத்துச் சிரிப்பான்."

  கலியாணசுந்தரத்தை யாரும் அதுவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"சாவி ஒண்ணுதானா?"

"ரெண்டு."

"இன்னொண்ணு?"

கலியாணசுந்தரம் காவேரியைப் பார்த்தார். காவேரி தரையைப் பார்த்தாள்.

"எல்லம்மா கிட்ட" என்றார் அவர்.

"தார் சுத்தற பொம்பளையா? கால்வாய்க்காரியா?" குமரகுரு தறியருகே போய், நழுவிக் கிடந்த இழைகளை விரலால் தூக்கிக் காட்டினார். "அதான சொல்லு. நம்ம ஆளு எவனாவது இப்படி அறுப்பானா? எவ்ளோ பெரிய அயோக்கியனா இருந்தாலும் தறிக்காரன் ஒரு சாண் வுட்டு முடி போட்டுட்டுத்தான் போவான். கை கேக்காது. இது தறிய வெளியிலேந்து பாத்த கை." சொல்லிக்கொண்டே போனை எடுத்துக் காதில் வைத்தார். தெரிந்த ஏட்டு ஒருவர் இருந்தார்.

 தான் போட்ட கொண்டியும் தான் அவிழ்த்த முடிகளும் எங்கே போய் நிற்கின்றன என்பது அப்போதுதான் காவேரிக்குத் தெரிந்தது.

ஏட்டு வருவதற்குள் எல்லம்மாளே வந்துவிட்டாள். பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முந்தானைக்குள் தார்க் கூடையை மறைத்துப் பிடித்தபடி வாசலில் காலைத் தேய்த்தாள்.

"காது குத்தினு வந்தாச்சா? கொழந்த ரொம்ப அழுதுச்சா? எனக்கு வடை எங்க காவேரி? வடை இல்லன்னா தாரும் இல்ல, சொல்லிட்டேன்." சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தவள், நிற்கிறவர்களின் முகங்களைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு தறியைப் பார்த்தாள். "ஐயோ" என்றாள் மெதுவாக. கூடையை அவசரமாகக் கீழே வைத்தாள். "எப்போ?"

"நீதான் சொல்லணும்" என்றார் குமரகுரு.

"நானா?"

"சாவி உன்கிட்டதான இருந்துது?"

எல்லம்மாள் இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்துக் காட்டினாள். "நேத்து சாயங்காலம் வந்தேன். வெளக்கு வெச்சேன். வேட்டிய நல்லா இழுத்துப் போத்திவுட்டேன், கொசு உக்காருதேன்னு. பூட்டினேன். போய்ட்டேன். சாவி என் இடுப்ப வுட்டு எறங்கல."

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

"மவன் இருக்கான். லாரில போறான். இப்ப ஊருல இல்ல."

"எந்த ஊருக்குப் போயிருக்கான்?"

"லாரி எங்க போவுதோ அங்க."

"பாத்தியா சுந்தரம்" என்றார் குமரகுரு, வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை என்பதுபோல.

எல்லம்மாளுக்கு அப்போதுதான் பேச்சு எங்கே போகிறது என்பது முழுதாக விளங்கியது. அவள் கோபப்படவில்லை. ஒரு மாதிரி சிரிக்கப் பார்த்தாள். "பட்டுப் பொடவைய எடுத்துக்கினு போயி நான் இன்னா பண்ணுவேன் முதலாளி? கட்டிக்கினு ரேஷன் கடைக்குப் போவேனா?"

குமரகுரு வாசலை எட்டிப் பார்த்தார்.

ஏட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். மழைக்கோட்டைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். குமரகுரு பூட்டைச் சொன்னார், கொண்டியைச் சொன்னார், அறுத்த விதத்தைச் சொன்னார். ஏட்டுக்குத் தறி தெரியாது. தெரிந்தவர் சொன்னால் சரி என்று தலையாட்டினார்.

"சரி, ஸ்டேஷனுக்கு வாம்மா. கேட்டுட்டு அனுப்பிடறோம். உன் மவன் நம்பரு வெச்சிருக்க இல்ல?"

"சார், நான் ஒண்ணும் பண்ணல சார்."

"பண்ணினேன்னு யாரு சொன்னா? கேக்கணும்ல."

எல்லம்மாள் கலியாணசுந்தரத்தைப் பார்த்தாள். அவர் தலை கவிழ்ந்திருந்தது. காவேரியைப் பார்த்தாள்.

"நீ சொல்லு காவேரி."

 காவேரிக்குப் பிரேம்நாத்தின் முகம் கண்ணில் வந்தது. இப்போதிருக்கும் முகம் அல்ல, அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு இந்த வாசலில் வந்து நின்ற முகம். "போய்ட்டு வாக்கா, கேட்டுட்டு அனுப்பிடுவாங்க" என்று சொன்னாள். 

எல்லம்மாள் அவளையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு பிளாஸ்டிக் பையை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். ஆட்டோவில் ஒரு காலை வைத்தவள், ஏதோ நினைவு வந்ததுபோல் திரும்பினாள்.

"கூடைய ஜன்னலோரம் வெச்சிட்டேன். சாரல் அடிக்குது. உள்ள தள்ளி வை, தாரெல்லாம் ஈரமாயிடும். அப்புறம் இழை அறுந்து அறுந்து உன் உசிர வாங்கும்."

காவேரிக்கு அதைத் தாங்க முடியவில்லை. திருடப் போன இடத்திலும் ஒருவன் முடி போட்டுவிட்டுப் போகிறான்; போலீஸ் ஆட்டோவில் ஏறப் போகிற இடத்திலும் ஒருத்தி தார் நனையுமே என்கிறாள்.  தறிக்குப் போய்க் குழியில் காலை விட்டு உட்கார்ந்தாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

விழுதுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்து இழையைப் பொறுக்கி இழுத்தாள். அச்சில் கோர்க்கவில்லை, வெறுமனே முன்னால் கொண்டுவந்தாள். வலக்கையால் கொத்தைப் பிடித்துக்கொண்டு இடக்கையால் சுற்றினாள். பழக்கமில்லாத கை, ஒரு தரம் தவறியது. மறுபடி சுற்றி, சுருக்கை இடப்பக்கமாக இழுத்து இறுக்கினாள்.

"அறுத்தவன் கண்டபடி அறுக்கல. ஒரு சாண் வுட்டுத்தான் அறுத்தான். எல்லாத்துக்கும் இந்த மாதிரி முடி போட்டுட்டுத்தான் போனான். காத்தால நான்தான் அவுத்தேன். கொல்லைக் கதவும் தெறந்துதான் இருந்துது. நான்தான் கொண்டி போட்டேன்."

குமரகுரு புரியாமல் கலியாணசுந்தரத்தைப் பார்த்தார். கலியாணசுந்தரம் பார்த்தது அந்த முடியை.

"எதுக்கும்மா அவுத்த?" என்றார் ஏட்டு.

அவள் முடியின் சுருக்கை இன்னும் இறுக்கினாள்.

"யாருன்னு தெரியுமா?"

"என் தம்பி" என்றாள் காவேரி. "பிரேம்நாத்து. ஏகாம்பரநாதர் கோயிலாண்ட புரோக்கரா இருக்கான்." அதைச் சொல்லி முடித்தபின் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

 ஏட்டு எல்லம்மாளைப் பார்த்து, "நீ போம்மா" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் அவளிடம் சொல்ல ஒருவருக்கும் எதுவும் இல்லை. குமரகுரு, அவன் இந்நேரம் எந்தக் கடையில் கொடுத்திருப்பான், எந்த வேன்காரனிடம் தள்ளியிருப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஏட்டோடு ஆட்டோவில் ஏறினார். ஸ்கூட்டரை அப்புறம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

எல்லம்மாள் மறுபடி உள்ளே வந்தாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, மொட்டையாய்க் கிடந்த படமரத்தின்மேல் வைத்தாள். கூடையைத் தானே ஜன்னலோரத்திலிருந்து உள்ளே தள்ளினாள்.

"அக்கா" என்றாள் காவேரி.

"உன் தம்பிக்காக நீ செஞ்ச. என் மவனா இருந்தா நானும் செஞ்சிருப்பேன்" என்றாள் எல்லம்மாள். "ஆனா நான் ஆட்டோல கால வெக்கிற வரைக்கும் வுட்டியே." பிறகு, "தாருக்கு வேற ஆளு பாத்துக்க" என்றுவிட்டு மழையில் இறங்கினாள். இலையில் கட்டின வடை தூக்கின் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டும் என்று காவேரிக்குத் தோன்றியது. எந்த முகத்தோடு ஓடுவது.

கலியாணசுந்தரம் எழுந்து வந்தார். அடிப்பாரோ என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் அவளுக்கு எதிர்ப்பக்கம், அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில், மெல்ல உட்கார்ந்தார். அவள் போட்ட முடியை விரலில் எடுத்து ஒரு முறை உருட்டிப் பார்த்தார். இழுத்தால் அவிழ்ந்துவிடும். இழுக்கவில்லை.

"வலக்கையால போடுடா, வலக்கையால போடுடான்னு எத்தினி தபா தலையில குட்டிருப்பேன்" என்றார். "கேட்டானா அவன்."

அந்த முடியை அப்படியே விட்டுவிட்டு, விழுதுக்குப் பின்னால் குனிந்து, நழுவிய முதல் இழையைத் தேடத் தொடங்கினார்.